லிட்டருக்கு 6 நானோகிராம்: கடலின் நுண்ணளவு உலோகங்களை அளப்பதும் படிப்பதும்

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலின் மேற்பரப்பில் ஒரு லிட்டர் நீரை அள்ளினால் அதில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். கரைந்த இரும்போ பல இடங்களில் 0.1 நானோமோலுக்கும் குறைவு, அதாவது சுமார் 6 நானோகிராம். மேசையில் சிந்திய ஒரு பொடியுப்புக் கல்லின் எடையைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு அது. அந்த நீரில் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் எவ்வளவு வளரலாம், அதன் வழியே எவ்வளவு கார்பன் கடலாழத்துக்குப் போகலாம் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது இந்த 6 நானோகிராம்தான்.

இரும்பு, துத்தநாகம், செம்பு, கோபால்ட், நிக்கல், மாங்கனீசு, காட்மியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றைச் சேர்த்து நுண்ணளவு உலோகங்கள் என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை கடல்நீரில் நானோமோல், பிகோமோல் அளவில்தான் உள்ளன. ஒரு நானோமோல் என்பது மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு. பிகோமோல் அதிலும் ஆயிரத்தில் ஒன்று. இத்துறையில் கடினமான வேலை கருவியை இயக்குவது அல்ல. கருவி காட்டும் எண் கடலுடையதா, கப்பலுடையதா என்று பிரித்தறிவதுதான்.

குறைந்துகொண்டே வந்த எண்கள்

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட இழப்பீட்டைக் கடல்நீரிலிருந்து தங்கம் எடுத்துக் கட்டலாம் என்று வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1920களில் கணக்குப் போட்டார். அன்றைய நூல்களின்படி டன் கடல்நீருக்குச் சில மில்லிகிராம் தங்கம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் மாதிரி எடுத்து அளந்தபோது அவருக்குக் கிடைத்தது அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்றைய அளவீடுகள் அதையும்விட நூறு மடங்குக்கு மேல் குறைவு. தங்கத்தைக் கடல் இழக்கவில்லை. முந்தைய எண்களில் பெரும்பங்கு ஆய்வகத்திலிருந்தும் வேதிப்பொருள்களிலிருந்தும் வந்தது.

மற்ற உலோகங்களின் கதையும் இதுவேதான். 1970க்கு முன் அச்சான மதிப்புகள் சில உலோகங்களுக்குப் பத்து மடங்கும் சிலவற்றுக்கு ஆயிரம் மடங்கும் அதிகம். விண்கல்லின் ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956இல் கணித்த கிளேர் பேட்டர்சன்தான் இந்த அழுக்கை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர். அறைக்காற்று, தோல், முடி, கண்ணாடிக் குடுவை, அமிலம் என எல்லாவற்றிலிருந்தும் மாதிரிக்குள் ஈயம் ஏறுகிறது என்று கண்டு, அதைத் தடுக்கும் அறையையே கட்டினார்.

அழுக்கு நீங்கியதும் எண்கள் சிறுத்தன, கூடவே ஓர் ஒழுங்கும் தெரிந்தது. 1976இல் எட்வர்ட் பாயிலும் சக ஆய்வாளர்களும் பசிபிக்கில் காட்மியத்தை அளந்தபோது, ஆழத்தோடு அது மாறும் விதம் பாஸ்பேட்டின் வளைகோட்டை அப்படியே ஒத்திருந்தது: மேற்பரப்பில் கிட்டத்தட்ட இல்லை, ஆழத்தில் ஒரு நானோமோல் அருகில். பிறகு கென்னத் புரூலண்டின் குழு துத்தநாகம் சிலிக்கேட்டைப் பின்தொடர்வதைக் காட்டியது. தாறுமாறாகத் தெறித்த பழைய புள்ளிகளில் இவை தெரிய வாய்ப்பே இல்லை. அன்றிலிருந்து இத்துறையில் ஒரு வழக்கம்: ஆழ வளைகோடு வழவழப்பாக இல்லாவிட்டாலும், தெரிந்த சத்து ஒன்றோடு பொருந்தாவிட்டாலும், முதலில் சந்தேகிப்பது பாட்டிலைத்தான்.

நீரை எடுக்கும் முறை

கப்பல் என்பது மிதக்கும் இரும்புத் தொழிற்சாலை. அடிப்புறத்தைப் பாதுகாக்கக் கட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் கரைந்துகொண்டே இருக்கும். சிப்பி ஒட்டாமல் இருக்கப் பூசும் வண்ணத்தில் செம்பு. தளத்தில் துரு, புகைபோக்கியிலிருந்து கரி, எஃகுக் கம்பியில் கிரீஸ். இவற்றுக்கு நடுவே நின்று 6 நானோகிராமைத் தேட வேண்டும்.

அதனால் எஃகுக் கம்பிக்குப் பதில் கெவ்லர் போன்ற இழைக்கயிறு. பாட்டில்களைத் தாங்கும் சட்டம் டைட்டானியத்தால் ஆனது, அல்லது பூச்சிட்ட அலுமினியம். கோ-ஃப்ளோ வகைப் பாட்டில்களின் உட்சுவரில் டெஃப்லான் பூசியிருக்கும். இவை மூடியபடியே நீருக்குள் இறங்கி, சுமார் 10 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தத்தால் திறந்துகொள்கின்றன. கப்பலை ஒட்டிய மேல்நீர்ப்படலம் உள்ளே புகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. சாதாரண கருப்பு ரப்பர் ஓ-ரிங் கூடாது. ரப்பரைப் பதப்படுத்துவதில் துத்தநாக ஆக்சைடு சேர்கிறது. துத்தநாக அளவீடு கெட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வளையம். சிலிக்கோன் வளையம் போட வேண்டும். பவுடர் தடவிய கையுறையும் துத்தநாகத்துக்கு எதிரி. மேற்பரப்பு நீர் தேவைப்பட்டால், கப்பலுக்குப் பக்கவாட்டில் நீட்டிய கழியிலிருந்து மீன் வடிவ எடை ஒன்றை இழுத்துச் சென்று, அதனோடு கட்டிய குழாய் வழியே உறிஞ்சுவார்கள்.

மேலே வந்த பாட்டில்கள் வடிகட்டிய காற்று நிரம்பிய தூய அறைக்குப் போகின்றன. அறையின் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகம். கதவு திறந்தால் காற்று வெளியே தள்ளும், தூசி உள்ளே வராது. அங்கே 0.2 மைக்ரான் வடிகட்டி வழியே நீரைத் தள்ளுகிறார்கள். அதைத் தாண்டியதெல்லாம் 'கரைந்தது' என்று பெயர் பெறுகிறது. இது வசதிக்கான வரையறைதான். உண்மையில் கரையாமல் கூழ்மமாக மிதக்கும் இரும்பில் ஒரு பங்கும் அதில் அடக்கம். வடிகட்டாமல் அமிலம் சேர்த்தால் துகள்களிலிருந்து உலோகம் கரைந்து எண் வேறாகிவிடும். இரண்டு ஆய்வுகளின் எண்களை ஒப்பிடும்போது வடிகட்டியின் துளையளவைப் பார்க்காமல் ஒப்பிடுவது வீண்.

சேமிக்கும் பாட்டில் குறைந்தடர்த்தி பாலிஎத்திலீன். புதுப் பாட்டிலை அப்படியே எடுத்துவிட முடியாது. சோப்புக் கரைசலில் ஊறவைத்து எண்ணெய்ப் பசை நீக்கி, அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மாதம், பிறகு தூய்மையான நீர்த்த அமிலத்தில் மேலும் சில வாரம் வைத்து, மிகத் தூய நீரில் அலசி, இரட்டைப் பையில் கட்டி எடுத்துப்போக வேண்டும். பயணத்துக்கு முந்தைய வாரம் இதைத் தொடங்கிய குழுக்களின் தரவு பிற்பாடு எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. பாதரசத்துக்கு மட்டும் விதி தலைகீழ். அதன் ஆவி பாலிஎத்திலீன் சுவரைக் கடந்துவிடும் என்பதால் கண்ணாடியோ டெஃப்லான் வகையோதான். அதே கண்ணாடி அலுமினியத்தையும் இரும்பையும் கசியவிடும். ஒரே பாட்டிலில் எல்லா உலோகமும் அளக்கலாம் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

வடிகட்டியதும் ஒரு லிட்டருக்கு 2 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 1.7 – 1.8க்கு இறக்குகிறார்கள். இல்லையென்றால் இரும்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இந்த 2 மி.லி.யில் ஒரு பொறி இருக்கிறது. அமிலத்தின் எடை சுமார் 2.4 கிராம். அதில் கிராமுக்கு 1 நானோகிராம் இரும்பு இருந்தால் (நல்ல ரகம் என்று விற்கும் அமிலத்தில்கூட இருக்கும் அளவு இது) பாட்டிலுக்குள் 2.4 நானோகிராம் இரும்பை நாமே ஊற்றியிருக்கிறோம். கடல் கொடுத்தது 6, நாம் கொடுத்தது 2.4. அதனால்தான் அமிலத்தைக் கொதிநிலைக்குக் கீழே மெல்ல ஆவியாக்கி மறுபடி வடித்து, கிராமுக்குச் சில பிகோகிராம் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். துருத்தூள் இன்னும் மோசம். முடியின் தடிமன்கூட இல்லாத 50 மைக்ரான் துருத்துகள் ஒன்றில் ஏறக்குறைய 150 நானோகிராம் இரும்பு இருக்கலாம். அமிலம் சேர்த்த ஒரு லிட்டர் பாட்டிலில் அது விழுந்தால் மாதிரியின் இரும்பு இருபது முப்பது மடங்காகிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது.

உப்பிலிருந்து பிரிப்பது

அளப்பது பெரும்பாலும் ஐசிபி-எம்எஸ் என்ற நிறை நிறமாலைமானியில். மூன்றரை சதவீத உப்பை அப்படியே உள்ளே விட்டால் கருவியின் நுழைவாய்க் கூம்புகளில் உப்பு படிந்து சைகை சரியும். எனவே முதலில் கொடுக்கிணைப்பு ரெசின் (உலோக அயனிகளை நண்டுக் கொடுக்கு போலப் பற்றிக்கொள்ளும் பொருள்) வழியே நீரைச் செலுத்துகிறோம். அம்மோனியம் அசிட்டேட் தாங்கலால் பிஎச்சை 6.2 அருகே நிறுத்தினால் இரும்பு, துத்தநாகம், செம்பு, நிக்கல், காட்மியம், ஈயம், மாங்கனீசு எல்லாம் ரெசினில் பிடிபடும். சோடியமும் பெரும்பாலான மெக்னீசியமும் கால்சியமும் போய்விடும். பிஎச் தாழ்ந்தால் முதலில் நழுவுவது மாங்கனீசு. உயர்ந்தால் மெக்னீசியமும் கால்சியமும் ரெசினில் இடம் பிடிக்கத் தொடங்கும். பிடிபட்டதை 1 மோலார் நைட்ரிக் அமிலத்தால் வெளியேற்றுகிறோம். 20 மி.லி. நீரிலிருந்த உலோகம் 1 மி.லி.க்குள் வந்துவிட்டால் இருபது மடங்கு செறிவு.

கருவிக்குள்ளும் சிக்கல் உண்டு. ஆர்கானின் நிறை 40, ஆக்சிஜனின் நிறை 16, கூட்டினால் 56. இரும்பின் முக்கிய ஐசோடோப்பும் 56தான். நெருங்கிய நிறைகளைப் பிரித்தறியும் உயர் பிரிதிறன் கருவியோ, வாயுவோடு மோதவிட்டு இத்தகைய குறுக்கீட்டைக் களையும் மோதல் அறையோ இல்லாமல் இரும்பென்று நாம் எண்ணுவது ஆர்கான் ஆக்சைடாக இருக்கலாம். காட்மியத்துக்கு மாலிப்டினம் ஆக்சைடு இதே தொல்லையைத் தருகிறது. கடலில் மாலிப்டினம் 100 நானோமோலுக்கு மேல், மேற்பரப்புக் காட்மியம் சில பிகோமோல் மட்டுமே என்பதால் சிறு கசிவும் பெரிய பிழை.

ரெசினில் எவ்வளவு தப்பியது என்று எப்படி அறிவது? இயற்கையில் 2 சதவீதமே உள்ள இரும்பு-57ஐ அறிந்த அளவில் முன்பே கலந்துவிட்டால் போதும். அதன்பின் வழியில் எவ்வளவு இழந்தாலும் 56க்கும் 57க்கும் உள்ள விகிதம் மாறாது. இந்த வழி மாங்கனீசுக்கும் கோபால்ட்டுக்கும் இல்லை. அவற்றுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான். கோபால்ட்டும் செம்பும் கரிம ஈனிகளோடு (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் கரிம மூலக்கூறுகள்) இறுகப் பிணைந்திருப்பதால் ரெசினுக்கு முன் புற ஊதா ஒளியில் வைத்து அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். இந்தப் படியைச் செய்யாமல் விட்ட ஆய்வகம் கோபால்ட்டை உண்மையைவிடக் குறைவாகவே சொல்லும்.

பிளாங்க் எனும் வெற்று அளவீடு பற்றி ஒரு வார்த்தை. மிகத் தூய நீரை மாதிரியாகப் பாவித்து ஓட்டி வரும் எண்ணைக் கழிப்பது வழக்கம். அந்த நீரிலேயே கொஞ்சம் இரும்பு இருந்தால் அதிகமாகக் கழித்துவிடுவோம். கவனமான குழுக்கள் மாதிரியே இல்லாமல், தாங்கலும் அமிலமும் மட்டும் ஓடவிட்டும் ஒரு பிளாங்க் எடுப்பார்கள். கடைசி நீதிபதி ஒப்புநீர்தான். 2004இல் பசிபிக்கில் ஒரே நேரத்தில் சேகரித்துப் பல ஆய்வகங்கள் அளந்து ஒத்துக்கொண்ட சேஃப் மாதிரிகளில், மேற்பரப்பு நீருக்கு இரும்பு கிலோவுக்கு 0.093 நானோமோல். அந்தப் பாட்டிலைத் திறந்து 0.2 என்று படிக்கும் ஆய்வகம் தன் கடல் தரவை வெளியிடும் நிலையில் இல்லை. 2010 முதல் கடல்களைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துவரும் ஜியோட்ரேசஸ் திட்டத்தில் இந்தச் சோதனை கட்டாயம்.

உயிருக்கு இவை எதற்கு

ஒளிச்சேர்க்கையின் முதலாம் ஒளி அமைப்பு ஒன்றில் மட்டும் 12 இரும்பு அணுக்கள். நீரைப் பிளந்து ஆக்சிஜன் தரும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்கள். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதிக்கு முப்பதுக்கு மேல் இரும்பு, கூடவே மாலிப்டினம். வைட்டமின் பி12இன் நடுவில் கோபால்ட். யூரியாவைச் சிதைக்கும் நொதியில் நிக்கல். கார்பன் டை ஆக்சைடைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸில் துத்தநாகம். துத்தநாகம் கிடைக்காதபோது சில டயாட்டம்கள் (சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசிகள்) அதன் இடத்தில் காட்மியத்தைப் பொருத்திக்கொள்கின்றன. நச்சு என்று மட்டுமே அறியப்பட்ட காட்மியம் பாஸ்பேட்டைப் போல நடந்துகொண்டதன் காரணங்களில் ஒன்று இப்படித்தான் கிடைத்தது. எச்சரிக்கையும் தேவை: துத்தநாகமும் சிலிக்கேட்டும் சேர்ந்து நடந்தாலும், டயாட்டத்தின் சிலிக்கா ஓட்டில் துத்தநாகம் மிகக் கொஞ்சமே உள்ளது. இரண்டும் தென்பெருங்கடலில் சேர்ந்து பறிக்கப்பட்டு, அங்கிருந்து நீரோட்டத்தோடு பரவுவதே அந்த ஒற்றுமைக்குப் பெரிய காரணம். வளைகோடுகள் ஒத்திருப்பதால் மட்டும் இரண்டும் செல்லின் ஒரே பகுதியில் இருப்பதாகிவிடாது.

இரும்பு ஏன் இப்படி அடிப்படையில் உட்கார்ந்திருக்கிறது? உயிர் தோன்றிய காலத்துக் கடலில் ஆக்சிஜன் இல்லை. கரைந்த இரும்பு தாராளம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் பெருகத் தொடங்கியபின் இரும்பு துருவாகிப் படிந்தது. நொதிகள் பழைய கடலுக்கு ஏற்ப அமைந்தவை, கடல் மாறிவிட்டது. இன்றைய கடல்நீரில் இரும்பு கரைந்து நிற்பதே 99 சதவீதத்துக்கு மேல் கரிம ஈனிகளோடு பிணைந்திருப்பதால்தான். ஈனி இல்லாவிட்டால் 0.1 நானோமோல்கூடத் தாங்காது. எனவே மொத்த அளவு மட்டும் போதாது, எந்தப் பிணைப்பில் இருக்கிறது என்பதும் வேண்டும்.

தென்பெருங்கடலில் ஆழத்திலிருந்து மேலெழும் நீரில் நைட்ரேட் லிட்டருக்குச் சுமார் 30 மைக்ரோமோல். அதை முழுக்கப் பயன்படுத்தினால் பாசிகள் ஏறக்குறைய 200 மைக்ரோமோல் கார்பனைக் கட்டும். பத்து லட்சம் கார்பன் அணுவுக்கு 5 முதல் 10 இரும்பு அணு தேவை என்று வைத்தால் 1 முதல் 2 நானோமோல் இரும்பு வேண்டும். மேலெழும் நீர் கொண்டுவருவதோ 0.4 நானோமோல் அளவில். மீதி தூசியிலிருந்தோ, பனிப்பாறையிலிருந்தோ, கரையோர வண்டலிலிருந்தோ, கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்தோ வந்தாக வேண்டும். பாலைவனங்களிலிருந்து தொலைவில் உள்ள இடத்தில் அது வருவதில்லை. நைட்ரேட் மிச்சமாகக் கிடக்க, பாசி வளராத கடல்பரப்பு இப்படித்தான் உருவாகிறது. கிழக்குப் பசிபிக் நிலநடுக்கோட்டுப் பகுதியும் வட பசிபிக்கும் இதே வகை.

இதை 1988இல் கடலியலாளர் ஜான் மார்ட்டின் பாட்டிலில் காட்டினார்: வட பசிபிக் நீரில் சில நானோமோல் இரும்பு சேர்த்தால் பாசி பெருகியது, சேர்க்காததில் மந்தம். இதற்கு முன்பும் பலர் இரும்பு சேர்த்துப் பார்த்திருந்தனர். அவர்களுக்குத் தெளிவான விடை கிடைக்காததற்கு முக்கியக் காரணம், ஒப்பீட்டுப் பாட்டிலிலும் தெரியாமல் இரும்பு கலந்திருந்ததுதான். இரண்டும் வளர்ந்தன, வித்தியாசம் இல்லை, எனவே இரும்புக்குப் பங்கில்லை என்று முடித்தார்கள். இன்றும் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் நான்கைந்து நாள் கழித்து ஒப்பீட்டுப் பாட்டிலின் இரும்பை மறுபடி அளக்க வேண்டும். கூடியிருந்தால் சோதனை செல்லாது.

பாட்டிலுக்கு வெளியே, 1993 அக்டோபரில் கலாபகோஸ் அருகே 64 சதுர கி.மீ. பரப்பில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்து விட்டார்கள். மார்ட்டின் அதைப் பார்க்க இல்லை. சில மாதங்களுக்கு முன் இறந்திருந்தார். 1995இல் தொடர்ந்த இரண்டாவது சோதனையில் டயாட்டம்கள் கடலையே பச்சையாக்கின. 2009இல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் தெற்கு அட்லாண்டிக்கில் 300 சதுர கி.மீ. பரப்பில் நடத்திய லோஹாஃபெக்ஸ் வேறொன்றைக் காட்டியது. அங்கே சிலிக்கா முன்பே தீர்ந்திருந்ததால் டயாட்டம்கள் எழவில்லை. வளர்ந்த சிறு பாசிகளைக் கோப்பிபாட்கள் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் தின்றன, கோப்பிபாட்களை ஆம்பிபாட்கள் என்ற சற்றே பெரிய ஓட்டுயிரிகள் தின்றன, ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் குறைவு. இரும்பைக் கொட்டினால் காலநிலை சீராகும் என்று சொல்பவர்கள் இந்த முடிவைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

செம்பு எதிர்ப்பக்கம். தேவையும் அதுவே, நஞ்சும் அதுவே. கட்டற்ற செம்பு அயனி லிட்டருக்கு 10 பிகோமோலை நெருங்கினாலே சில நீலப்பச்சைப் பாசிகளின் வளர்ச்சி பாதிக்கப்படும். மொத்தச் செம்பு அதைவிட நூறு மடங்கு இருந்தும் அவை பிழைப்பது ஈனிகளால்தான். பாதரசத்தில் எண் இன்னும் ஏமாற்றும். நீரில் ஒரு பிகோமோல், அதாவது லிட்டருக்கு 0.2 நானோகிராம், பெரிய வேட்டை மீனின் சதையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வரை. ஆக்சிஜன் குறைந்த நடு ஆழத்தில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக்க, உணவுச் சங்கிலி படிப்படியாகப் பெருக்கி ஐம்பது லட்சம் மடங்காக்குகிறது.

ஈயத்துக்கு வருவோம். பெர்முடா அருகே அட்லாண்டிக் மேற்பரப்பில் 1970களின் இறுதியில் கிலோவுக்குச் சுமார் 160 பிகோமோல் இருந்த ஈயம், 2010களில் 20 – 30 ஆகியது. எண்கள் குறைந்தால் ஆய்வகம் சுத்தமானது என்றுதான் இத்துறை நினைக்கப் பழகியிருந்தது. இங்கேயும் அந்தச் சந்தேகம் நியாயமானதே. அதைத் தீர்த்தது பவளம். அதன் ஆண்டு வளையங்களில் பதிந்த ஈயம், பாட்டிலோ கப்பலோ தொடாத சாட்சி. ஈயம் கலந்த பெட்ரோல் பெருகிய காலத்தில் அங்கே ஈயம் ஏறி, அது நிறுத்தப்பட்டபின் இறங்குகிறது. ஈய ஐசோடோப்பு விகிதமும் எந்தச் சுரங்கத்து ஈயம் எந்த ஆண்டில் எரிந்தது என்பதோடு சேர்ந்து நகர்கிறது. சாலை வாகனங்களுக்கு அந்தப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் விற்பனையை நிறுத்தியது. மேற்பரப்பு நீரில் ஈயம் இரண்டு ஆண்டு போலத்தான் தங்கும். அட்லாண்டிக்கின் ஆழத்திலோ, முன்பு மூழ்கிய நீரோடு போன பெட்ரோல் ஈயம் இன்னும் அளவீட்டில் தெரிகிறது.